முகிற்கணிமையும் கூட்டுழைப்பும்: திறந்தமூல ஒருங்கியக்க மென்பொருள்களின் வெளியீடுகள் பற்றிய ஒரு நோக்கு

1

உற்பத்திக் கருவிகள் மாறும்போது அவற்றைக் குறிக்கும் சொற்களும் உருவகங்களும் மாறுகின்றன. அவ்வுருவகங்கள் தாம் சுட்டும் பொருளை விளக்குவதோடு, சிலவேளைகளில் அதனை மறைக்கவும் செய்கின்றன. கணினித்துறையில் இன்று நிலைபெற்றுள்ள 'முகில்' என்னும் சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். முகில் எனும்போது எடையும் இடமும் உடைமையாளரும் அற்ற ஒன்று மனக்கண்ணில் எழுகின்றது. அச்சொல் குறித்து நிற்பனவோ நிலத்தில் ஊன்றிய பெருங்கட்டடங்கள், அவற்றுள் அடுக்கப்பட்ட கணினிகள், அவற்றை இயக்கும் மின்சாரம், வெப்பந் தணிக்கும் நீர், இரவுபகலாகப் பணிபுரியும் தொழிலாளர் என்பனவாம். 2006ஆம் ஆண்டில் அமேசன் நிறுவனம் கணினி ஆற்றலையும் சேமிப்பிடத்தையும் பயன்பாட்டளவுக்கேற்ப வாடகைக்கு விடத் தொடங்கியதிலிருந்து முகிற்கணிமை ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. சாராம்சத்தில் அது ஒரு வாடகை உறவேயாகும்.

ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே கணினிபோல் இயக்குவதற்கு ஒரு தனிவகை மென்பொருள் தேவைப்படுகின்றது. எந்தப் பணியை எந்தக் கணினியில் இருத்துவது, அதற்கு எவ்வளவு நினைவகம் வழங்குவது, எந்த வலையமைப்பில் இணைப்பது, ஒரு கணினி பழுதுற்றால் அதன் பணியை எங்கு மாற்றுவது என்பனவற்றையெல்லாம் இம்மென்பொருள் தீர்மானிக்கின்றது. பல வாத்தியங்களுக்கும் இசையைப் பகிர்ந்தமைக்கும் மேலைத்தேய இசைமரபிலிருந்து ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பெறப்பட்டது. இங்கு அதனை ஒருங்கியக்க மென்பொருள் என வழங்குவோம். 'மூலதனம்' முதலாம் பாகத்தில் கூட்டுவேலையை ஆராயும் மார்க்ஸ், வாத்தியக்குழுவின் நெறியாளனை உவமை காட்டியே பலர் கூடிச் செய்யும் உழைப்புக்கும் அதனை நெறிப்படுத்தும் அதிகாரத்துக்குமிடையிலான தொடர்பை விளக்கினார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. நெறிப்படுத்தும் கருவி யாருக்குச் சொந்தம் என்ற வினா அன்று போலவே இன்றும் அடிப்படையானது.

இத்தகைய மென்பொருள்களிற் பல 'திறந்தமூலம்' என்ற உரிமத்தின் கீழ் வெளிவருகின்றன. அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம். புதிய வெளியீடுகள் குறித்த காலங்களில் தொடர்ந்து வந்தவண்ணம் உள்ளன. இவ்வெளியீடுகளைத் தொழினுட்பச் செய்தியாக மட்டுமன்றிச் சமூக உழைப்பின் வெளிப்பாடாகவும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஓப்பன்ஸ்டாக் என்னும் மென்பொருளை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா தனது ஏம்ஸ் ஆய்வுநிலையத்தில் நெபியூலா என்ற திட்டத்தை நடத்தி வந்தது. றாக்ஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனம் கோப்புச் சேமிப்புக்கான மென்பொருளொன்றை வைத்திருந்தது. 2010 ஜூலையில் இவ்விரண்டும் இணைக்கப்பட்டு ஓப்பன்ஸ்டாக் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஒஸ்ரின் என்ற முதல் வெளியீடு வந்தது. கணினிகளைப் பகிர்ந்தளிக்கும் நோவா நாசாவிடமிருந்தும், சேமிப்பகமான ஸ்விஃப்ட் றாக்ஸ்பேஸிடமிருந்தும் வந்தவை. எனவே இதன் அடித்தளத்தின் ஒரு பாதி வரிப்பணத்தால் உருவானது. அந்நாசாவே 2012இல் இவ்விருத்திப் பணியிலிருந்து விலகி, அமேசனின் சேவைகளை நாடியது என்பதும் அவதானிக்கத்தக்கது.

தனியார் நிறுவனங்கள் தமது நிரலைப் பொதுவில் வைக்க முன்வந்தது ஏன்? ஈகையுணர்வு இதனை விளக்கப் போதுமானதன்று. முகிற்சந்தையில் அமேசன் ஏகபோக நிலையை நோக்கி வளர்ந்துகொண்டிருந்த வேளையில், தனித்து நின்று போட்டியிட இயலாத ஏனைய நிறுவனங்கள் அடித்தள மென்பொருளுக்கான செலவைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன. ஐபிஎம், ஹியூலெட் பக்கார்ட், ரெட்ஹற் முதலிய நிறுவனங்கள் இதிற் சேர்ந்தன. குபர்நெட்டீஸ் என்ற மற்றொரு ஒருங்கியக்க மென்பொருளின் தோற்றத்திலும் இதே தர்க்கத்தைக் காணலாம். தனது உள்ளகப் பயன்பாட்டுக்கான போர்க் என்ற அமைப்பிற் பெற்ற அனுபவத்தைக் கொண்டு கூகிள் அதனை 2014 ஜூனில் வெளியிட்டது. 2015 ஜூலையில் 1.0 பதிப்பு வந்தபோது, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமையும் பொது அமைப்பொன்றிடம் அதனைக் கையளிக்கும் முடிவும் அறிவிக்கப்பட்டது. முகிற்சந்தையில் அமேசனுக்குப் பின்தங்கியிருந்த கூகிளுக்கு, எல்லா இடத்திலும் ஒரேவிதமாக இயங்கும் ஒரு பொதுக்கருவி பரவுவது நன்மையாகவே அமைந்தது. மூலதனங்களுக்கிடையிலான முரண்பாட்டிலிருந்தே இப்பொதுவுடைமை பிறந்தது எனலாம்.

ஓப்பன்ஸ்டாக் பொதுவாக ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வெளியிடப்படுகின்றது. ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையிற் பெயரிடப்பட்டு வந்த வெளியீடுகள் 2022 ஒக்டோபரில் செட் என்ற பெயருடன் இறுதி எழுத்தை எட்டின. 2023 மார்ச்சில் வந்த அன்ரிலோப் முதல் பெயரோடு ஆண்டெண்ணும் சேர்க்கப்பட்டு, நெடுங்கணக்கு மீண்டும் தொடங்கியது. 2025 ஏப்ரலில் எபொக்சியும் ஒக்டோபரில் பிளமிங்கோவும் வெளிவந்தன.

இவ்வொழுங்கான நடைக்கும் ஒரு விலை உண்டு. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இயங்கிக்கொண்டிருக்கும் பெருந்தொகுதியை மாற்றியமைப்பது பல நிலையங்களுக்குத் தாங்கொணாச் சுமையாயிற்று. ஆதலால் அன்ரிலோப் வெளியீட்டிலிருந்து, ஒன்றுவிட்டொரு வெளியீட்டுக்கு நேரடியாக மாறும் வழி வகுக்கப்பட்டது. ஆண்டுக்கொருமுறை மாற்றினாற் போதும் என்ற நிலை அதனால் உருவானது. புதுமையின் வேகம் பேணுவோரின் வலுவுக்கேற்ப மட்டுப்படுத்தப்பட்டமைக்கு இது ஓர் உதாரணம்.

அண்மைக்கால வெளியீடுகளில் நடைபெற்றுவரும் மற்றொரு பணி இதனினும் முக்கியமானது. ஒரே வேளையிற் பல பணிகளைக் கையாள்வதற்காக ஓப்பன்ஸ்டாக் தொடக்கத்திலேயே ஈவென்ட்லெட் என்ற நிரற்றொகுதியைச் சார்ந்து அமைக்கப்பட்டது. காலப்போக்கில் அத்தொகுதியைப் பேணுவோர் அருகினர். பைதன் மொழியோ தொடர்ந்து மாறிக்கொண்டிருந்தது. இறுதியில் ஓப்பன்ஸ்டாக்கைச் சார்ந்தோரே அதன் பராமரிப்பையும் ஏற்று, அதேவேளையில் அதனைப் படிப்படியாக அகற்றும் பணியையும் மேற்கொண்டனர். இப்பணியாற் பயனாளர் புதிதாக எதனையும் பெறப்போவதில்லை. எனினும் இது நடவாவிடின் முழுக்கட்டமைப்பும் நாளடைவிற் செயலிழக்கும். இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பின்றி நிலைக்காது என்ற அரசியற் பொருளாதார உண்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. இயந்திரம் துருப்பிடிப்பதுபோல நிரலும், தன்னைச் சூழ்ந்தவை மாறுவதால், பழுதடைகின்றது.

3

இலக்கிய மாணவர் என்ற வகையில் வெளியீட்டுக் குறிப்புகளை ஒரு பனுவல் வகையாகவும் நாம் வாசிக்கலாம். ஓப்பன்ஸ்டாக்கின் குறிப்புகள் புதிய வசதிகள், அறிந்த குறைபாடுகள், தரமுயர்த்தல் பற்றிய அறிவுறுத்தல்கள், கைவிடப்படுவன, பாதுகாப்பு, திருத்தப்பட்ட வழுக்கள் என்றவாறு பகுக்கப்பட்டுள்ளன. 'சேர்க்கப்பட்டது', 'நீக்கப்பட்டது', 'திருத்தப்பட்டது' எனச் செயப்பாட்டு வினைகளே அவற்றில் மிகுதி. செய்தவர் யார், எத்தனை நாள் உழைத்தார், அவருக்கு ஊதியம் வழங்கியது யார் என்பன அங்கு இடம்பெறா. மாற்றங்களின் பதிவேட்டைத் தேடிச் சென்றாற்றான் பெயர்கள் தென்படும். பண்டத்தில் உழைப்பு மறைந்து நிற்பதுபோலவே இக்குறிப்புகளிலும் உழைப்பு மறைந்து நிற்கின்றது.

இவ்வுழைப்பைத் தன்னார்வலரின் ஓய்வுநேரக் கொடையாகச் சித்திரிப்பது ஒரு பொதுவழக்கு. பெருந்திட்டங்களைப் பொறுத்தவரை இது முழுமையான உண்மையன்று. ஓப்பன்ஸ்டாக், குபர்நெட்டீஸ் ஆகியவற்றின் பெரும்பகுதி நிறுவனங்களிற் சம்பளம் பெறும் பொறியியலாளராலேயே எழுதப்படுகின்றது. நிறுவனத்தின் நலன் மாறினால் அவ்வுழைப்பும் வேறிடம் செல்லும். ஹியூலெட் பக்கார்ட் ஓப்பன்ஸ்டாக்கை அடிப்படையாகக் கொண்டு நடத்திய பொதுமுகில் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. றாக்ஸ்பேஸ் அதே ஆண்டில் முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது.

சம்பளத்தின் வட்டத்துக்கு வெளியே நிற்கும் பகுதிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. குபர்நெட்டீஸ் தொகுதிகளுக்கு வெளியுலகிலிருந்து வரும் வேண்டுகைகளை உள்ளே அனுப்பும் வாயிலாக விளங்கியது இங்கிரஸ் என்ஜினெக்ஸ் என்னும் கூறு. உலகெங்கும் மிகப் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட இதனைப் பல ஆண்டுகளாக ஓரிருவரே தமது வேலைக்குப் பின்னும் வாரவிடுமுறையிலும் பேணிவந்தனர். 2025 மார்ச்சில் இதிற் கடுமையான பாதுகாப்புக் குறைபாடுகள் வெளிப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில், 2026 மார்ச்சுடன் இதன் பராமரிப்பு முடிவுறும் என்று குபர்நெட்டீஸ் குழுவினர் அறிவித்தனர். உதவிக்கு விடுத்த அழைப்புகள் போதிய பயன் தரவில்லை. இதனைக் கொண்டு வருவாயீட்டிய நிறுவனங்கள் பல இருக்க, இதனைப் பேண ஆளில்லாது போனமை, பயன் தனியாருக்கும் சுமை தனிமனிதருக்குமாகப் பகிரப்படும் உறவின் இயல்பான விளைவாகும்.

4

அவ்வாறாயின் திறந்த உரிமம் என்பது வெறும் மாயையா? அவ்வாறு கூறுவது எளிமைப்படுத்தலாகும். 2023இல் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை ஒப்பிடுமிடத்து இது தெளிவாகும்.

முதலாவது, விஎம்வெயார் பற்றியது. ஒரு கணினியைப் பல மெய்நிகர்க் கணினிகளாகப் பகுக்கும் துறையில் முன்னணியில் நின்ற இந்நிறுவனத்தின் மூலநிரல் தனியுடைமை. 2023 நவம்பரில் பிராட்கொம் இதனை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டு, காலத்துக்குக் காலம் கட்டணஞ் செலுத்தும் சந்தா முறை மட்டுமே எஞ்சியது. இம்மென்பொருளில் தங்கியிருந்தோர் முன் இருந்தவை இரண்டே வழிகள்: கேட்ட கட்டணத்தைச் செலுத்துதல் அல்லது முழுவதையும் கைவிட்டு வேறிடம் செல்லுதல். ஓப்பன்ஸ்டாக் மீதான அக்கறை பின்னர் மீண்டும் எழுந்ததற்கு இது ஒரு காரணமாகும்.

இரண்டாவது, டெராஃபோம் பற்றியது. முகிலின் வளங்கள் எவ்வாறு அமையவேண்டும் என்பதை எழுத்தில் விவரித்தால் அதன்படி அவற்றை உருவாக்கித் தரும் இம்மென்பொருளை 2014இல் ஹாஷிகோர்ப் நிறுவனம் திறந்தமூலமாக வெளியிட்டது. வெளியார் பலரும் அதனை வளர்த்தனர். 2023 ஓகஸ்ட் 10ஆந் திகதி நிறுவனம் அதன் உரிமத்தை மாற்றியது. இனிவரும் பதிப்புகளை நிறுவனத்தோடு போட்டியிடும் சேவைகளிற் பயன்படுத்தலாகாது என்பது புதிய நிபந்தனை. பலர் கூடி விளைத்ததைச் சுற்றி வேலியிடும் செயலாகவே இது பலராற் கருதப்பட்டது. ஆனால் முந்திய உரிமத்தின் கீழ் வெளிவந்த நிரலைத் திரும்பப் பெற நிறுவனத்தால் இயலவில்லை. அந்நிரலைக் கொண்டு ஓப்பன்டோஃபு என்ற கிளைத்திட்டம் தோன்றி, செப்ரெம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்தது. 2024 ஜனவரியில் அதன் 1.6 வெளியீடும், ஏப்ரலில் 1.7 வெளியீடும் வந்தன. நிலைக்கோப்புகளை மறைகுறியாக்கும் வசதியைப் பயனாளர் நெடுங்காலமாகக் கேட்டு வந்தனர். அவ்வசதி 1.7 வெளியீட்டில் இடம்பெற்றது. ஹாஷிகோர்ப்போ 2024இல் ஏறத்தாழ 640 கோடி டொலருக்கு ஐபிஎம்மிடம் விற்க உடன்படிக்கை செய்யப்பட்டு, 2025 பெப்ரவரியில் கைமாறியது.

வேறுபாடு வெளிப்படையானது. முதல் நிகழ்ச்சியிற் பயனாளரிடம் இருந்தது வாடிக்கையாளரின் முறைப்பாடு மட்டுமே. இரண்டாவதில் அவர்களிடம் நிரலும், அதனைத் தொடரும் சட்டபூர்வமான உரிமையும் இருந்தன. ஆயினும் அவ்வுரிமையை முதலிற் செயற்படுத்தியோர் பெரும்பாலும் டெராஃபோமைச் சார்ந்து தொழில் நடத்திய போட்டி நிறுவனங்களே என்பதையும் மறத்தலாகாது. தொடர்ந்து எழுதக்கூடியவர்களும், அவர்களுக்குச் சம்பளம் வழங்கக்கூடியவர்களும் இருந்தமையாலேயே உரிமை நடைமுறைக்கு வந்தது.

5

இதன் மறுபக்கத்தை எமது நாட்டோடு தொடர்புடைய உதாரணமொன்று காட்டுகின்றது. 2005இல் தொடங்கப்பட்டு, கொழும்பைப் பிரதான விருத்தித்தளமாகக் கொண்ட டபிள்யுஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய ஸ்ட்ராடோஸ் என்ற முகில் மென்பொருள் 2013இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் கையளிக்கப்பட்டது. 2014இல் அது அப்பாச்சியின் முழுத்தகுதி பெற்ற திட்டங்களுள் ஒன்றாயிற்று. பின்னர் செயலொழிந்த திட்டங்களின் வரிசைக்கு மாற்றப்பட்டது. அதன் நிரல் இன்றும் திறந்தே கிடக்கின்றது. எவரும் எடுத்து ஆளலாம், ஆள்வார்தான் இல்லை. இலங்கைப் பொறியியலாளர் உலகத்தரமான ஒருங்கியக்க மென்பொருளை ஆக்கவல்லவர் என்பதையும், உயிருள்ள உழைப்பு நீங்கியபின் திறந்த உரிமம் தனித்து எதனையும் காப்பாற்றாது என்பதையும் இது ஒருங்கே உணர்த்துகின்றது.

எனவே இவ்விடயத்தில் இரு தவறான நிலைப்பாடுகள் தவிர்க்கப்படவேண்டும். திறந்தமூலத்தையே சமவுடைமையின் முளையாகக் கொண்டாடுவது ஒன்று. கட்டடங்களும் கணினிகளும் மின்சாரமும் சிலரின் உடைமையாயிருக்க, நிரல் மட்டும் பொதுவாயிருப்பதால் உற்பத்தியுறவுகள் மாறிவிடுவதில்லை. பொதுவில் விளைந்த குபர்நெட்டீஸை அமேசன், மைக்ரோசொப்ற், கூகிள் ஆகிய மூன்றும் சேவையாக வாடகைக்கு விடுகின்றன. முழுவதையும் முதலாளித்துவத்தின் கருவியென ஒதுக்குவது மற்றைய தவறு. தனது உள்நோக்கங்களுக்காகவேனும் மூலதனம் பொதுவில் வைத்துவிட்ட அறிவை மீண்டும் முற்றாகப் பறித்துக்கொள்ள அதனால் இயலவில்லை என்பது சிறிய வெற்றியன்று. சுவிற்சர்லாந்து-பிரான்ஸ் எல்லையிலுள்ள சேர்ண் அணுத்துகள் ஆய்வுநிலையம் 2013 முதல் ஓப்பன்ஸ்டாக்கைத் தன் கணினி நிலையத்திற் பயன்படுத்தி வருகின்றது. பொது ஆய்வு நிறுவனமொன்று தனது தரவைத் தன் கட்டடத்திலேயே, தான் வாசிக்கக்கூடிய நிரலைக் கொண்டு ஆளமுடியும் என்பதற்கு அது சான்று.

எமது பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் அரச திணைக்களங்களும் தமது தரவுகளை எங்கு வைப்பது என்ற வினாவை நாளும் எதிர்நோக்குகின்றன. உரிமக் கட்டணம் இல்லை என்பதை மட்டும் கருதித் திறந்தமூலத்தைத் தெரிவது ஒரு மென்பொருளைப் பெறுவதற்கு மாத்திரமே உதவும். அடுத்த வெளியீடு வரும்போது அதனைப் படித்து, சோதித்து, பொருத்தி, குறைகண்டவிடத்துத் திருத்தம் எழுதி மூலத்துக்கே அனுப்பவல்ல ஒரு குழுவை நிரந்தரச் சம்பளத்தோடு பேணும்போதே அம்மென்பொருள் உண்மையில் எமதாகும். வெளியீடுகள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும். அவற்றை எழுதுவோரின் வரிசையில் எமது பொது நிறுவனங்களின் பெயர்களும் இடம்பெறுமா என்பதை, இப்பணிக்கென ஆளும் ஊதியமும் ஒதுக்க நாம் எடுக்கும் முடிவே தீர்மானிக்கும்.