ஒரே மரத்தில் கள்ளும் பதனீரும்… ஒரே திராட்சையில் நாட்டுக்கொரு ஒயின்! எப்படி மாறுகிறது ருசி?

திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் கையில் இரண்டு பொருள் கட்டாயம் இருக்கும். ஒன்று பன்னீர் இலை விபூதி, இன்னொன்று உடன்குடி கருப்பட்டி. கருப்பட்டி வாங்கும்போது கடைக்காரரிடம் சும்மா கேட்டுப் பாருங்கள். “எங்க ஊர் தேரி மண்ணுக்குத்தான் இந்த ருசி வரும்” என்பார்.

மண் மட்டும்தான் காரணமா? பனையில் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதனீர். அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். மரமும் மண்ணும் ஒன்றுதான். ருசியை மாற்றியது மனிதர் கை.

உலகத்தின் ஒயின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பிரான்ஸ் ஒயின், நியூசிலாந்து ஒயின், நாசிக் ஒயின் என்று நாட்டுக்கு நாடு ருசி மாறுவதற்கு மண்ணும் வெயிலும் பாதிக் காரணம். எப்போது கவாத்து செய்கிறார்கள், எப்போது பறிக்கிறார்கள், எதில் புளிக்க வைக்கிறார்கள் என்பது மீதிப் பாதி. இதற்கும் நம்ம தேனி மாவட்டத்து விவசாயிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஒயின் என்றால் என்ன?

திராட்சையில் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. அடிப்படை அவ்வளவுதான். கறுப்புத் திராட்சையைத் தோலோடு புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின். சாற்றை மட்டும் பிழிந்து எடுத்துப் புளிக்க வைத்தால் வெள்ளை ஒயின். தோலைக் கொஞ்ச நேரம் மட்டும் ஊற விட்டு எடுத்தால் இளஞ்சிவப்பு ரோஸே.

பழம் பழுக்கப் பழுக்க சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான நாளைப் பிடிப்பதுதான் ஒயின்காரரின் வேலை. குளிர்ந்த ஊர்களில் புளிப்பு மெதுவாக இறங்கும் என்பதால் அவகாசம் அதிகம். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் புளிப்பு மளமளவென்று இறங்கிவிடும். புளிப்பு இல்லாத ஒயின், புளி போடாத ரசம் மாதிரி. வாயில் நிற்காது.

ஒரு நாட்டின் ருசியை 50 வருடத்தில் உருவாக்க முடியுமா?

முடியும் என்பதற்கு நியூசிலாந்து சாட்சி. அந்த நாட்டின் மார்ல்பரோ பகுதியில் பெரிய அளவில் திராட்சை நடத் தொடங்கியதே 1973-ல்தான். இன்று ‘சாவின்யோன் பிளாங்க்’ என்ற வெள்ளைத் திராட்சை ஒயின் என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது அந்த ஊர்தான். குடைமிளகாய் வாசனையும் பழ வாசனையும் கலந்த அந்த ஒயினை, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாலே அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

குளிர்ந்த இரவும் நீண்ட வெயில் நாளும் இயற்கை கொடுத்தவை. இலைகளைக் கழித்து, காய்மேல் எவ்வளவு வெயில் பட வேண்டும் என்று தீர்மானித்தது மனிதர்கள். குளிரான நேரத்தில் இயந்திரம் வைத்துப் பறித்தார்கள். எவர்சில்வர் தொட்டியில், வெப்பத்தைக் கட்டுப்படுத்தி, மெதுவாகப் புளிக்க வைத்தார்கள். மரப்பீப்பாயில் வைத்தால் அதில் மர வாசனை ஏறும். எவர்சில்வரில் பழத்தின் வாசனை அப்படியே நிற்கும். இந்த முடிவுகள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு நாட்டின் ‘ஸ்டைல்’ ஆகியிருக்கிறது.

இந்தியாவில் என்ன செய்தார்கள்?

ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கிவிடும். வசந்தத்தில் துளிர்த்து, பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். நம் ஊரில் குளிர்காலம் ஏது? கொடி தூங்குவதே இல்லை. போதாததற்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. அந்த நேரத்தில் பழம் இருந்தால் பூஞ்சை நோய் வந்து அழுகிவிடும்.

அதனால் மகாராஷ்டிர விவசாயிகள் காலண்டரையே திருப்பிப் போட்டார்கள். வருடத்துக்கு இரண்டு கவாத்து, ஆனால் ஒரே ஒரு அறுவடை. ஏப்ரல் வாக்கில் செய்யும் முதல் கவாத்து கொடியை வளர்க்க. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் செய்யும் இரண்டாவது கவாத்து காய்க்க வைக்க. எல்லா மொட்டும் ஒரே நேரத்தில் விழிக்க ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைத் தடவுகிறார்கள். வறட்சியையும் உப்புத் தண்ணீரையும் தாங்க ‘டாக்ரிட்ஜ்’ என்ற வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுகிறார்கள். அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும்.

ஆக, ஐரோப்பாவில் பழம் முற்றும்போது வெயில் குறைந்துகொண்டே போகும். நாசிக்கில் பழம் முற்றும்போது வெயில் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் இங்கே வெயில் ஏறுவதற்கு முன்பே பறிப்பதும், வெப்பத்திலும் புளிப்பை விடாமல் வைத்திருக்கும் ‘ஷெனின் பிளாங்க்’ மாதிரி ரகங்களைத் தேடி நடுவதும். லேசான இனிப்பு, நல்ல புளிப்பு, பழ வாசனை. காரசாரமான சாப்பாட்டுக்கு ஒத்துப்போகும் ருசி இது.

இதெல்லாம் ரொம்பப் பழைய கதை இல்லை. பெங்களூரு அருகே நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் தொடங்கிய நிறுவனம், 1990-களில் பிரான்சின் மிஷேல் ரோலான் என்ற நிபுணரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சுலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000-ல் வெளிவந்தது. மகாராஷ்டிர அரசு 2001-ல் திராட்சை பதப்படுத்தலுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து சலுகைகள் கொடுத்தது. கர்நாடகம் 2007-ல் அதே வழியில் போனது. அரசின் வரியும் கொள்கையும் கூட ஒயினின் ருசியைத் தீர்மானிக்கும் என்று சொன்னால் அது மிகை இல்லை.

சரி, தமிழ்நாட்டில்?

இங்கேதான் கதை நம்மைத் தொடுகிறது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையைச் சாப்பிடாதவர்கள் இருக்க மாட்டார்கள். (திருச்செந்தூர் பன்னீர் இலைக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு.) 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்த ரகத்தின் உலகப் பெயர் ‘மஸ்கட் ஹாம்பர்க்’. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மேற்குத் தொடர்ச்சி மலை நிழலில் வருடம் முழுக்க இங்கே ஏதோ ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லியது. பறித்தால் உடனே விற்றாக வேண்டும். மழை பெய்தால் பழம் வெடிக்கும். வரத்து கூடினால் விலை விழும். விலை ஏறட்டும் என்று காத்திருக்க விவசாயிக்கு வழியே இல்லை. பழத்தைச் சாறாக்க, உலர்த்த, ஒயினாக்க ஆலை வேண்டும் என்ற கோரிக்கை அங்கே அடிக்கடி எழுவது இதனால்தான்.

அப்போ உடனே ஒயின் ஆலை கட்டிவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. கம்பத்தில் கொடியைப் பந்தலில் ஏற்றுகிறார்கள். கொத்துக் கொத்தாக நிறையக் காய்க்க வேண்டும் என்பது நோக்கம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கில் இந்த ரகம் எக்டேருக்கு வருடத்துக்கு 30 டன் வரை காய்க்கும். தரமான ஒயினுக்கோ குறைவான காயும், காய்க்குள் அடர்த்தியான சுவையும் வேண்டும். அதற்கு வேலி போல நிமிர்ந்த கம்பியில் கொடியைப் படர விட்டு, காயைக் குறைக்க வேண்டும். பாதிக் காயை வெட்டி எறியச் சொன்னால், கூடுதல் விலை உறுதி என்று யாராவது எழுதிக் கொடுக்காமல் எந்த விவசாயி சம்மதிப்பார்?

ரகமும் ஒரு கேள்வி. உலகம் முழுக்க மஸ்கட் ஹாம்பர்க் பெரும்பாலும் சாப்பிடும் பழம்தான். ஆனால் கலிஃபோர்னியாவில் இதையே ‘பிளாக் மஸ்கட்’ என்ற பெயரில் இனிப்பு ஒயினாக்குகிறார்கள். சீனாவிலும் இதில் ஒயின் உண்டு. பன்னீர் வாசனைதான் அதன் சொத்து. அடர் சிவப்பு ஒயினுக்கு ஆசைப்படாமல், மணமான இனிப்பு ஒயினாகவோ ரோஸேவாகவோ யோசித்தால் கம்பத்துக்கென்று ஒரு ருசி உருவாக வழி இருக்கிறது.

பனைக்கு ஒரு நியாயம், திராட்சைக்கு ஒரு நியாயமா?

மது என்றாலே தமிழ்நாட்டில் விவாதம் வரும். வர வேண்டியதுதான். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம், 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. டாஸ்மாக் கடையில் ஒயின் கிடைக்கும், பனையேறி இறக்கும் கள் கிடைக்காது. கம்பத்துக்கு ஒயின் ஆலை கேட்டால், உடன்குடி பனையேறியின் கேள்வியும் கூடவே எழும். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. உடன்குடியில் புவிசார் குறியீடு பெற்றது பதனீர் இல்லை, அதைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டி. நாசிக் பள்ளத்தாக்கிலும் ஒயினுக்குக் குறியீடு இருக்கிறது. கம்பத்தில் மட்டும் பழத்தோடு நின்றிருக்கிறோம். கருப்பட்டி மாதக்கணக்கில் கெடாமல் கடையில் நிற்கும், விலைக்காகக் காத்திருக்கும். பன்னீர் திராட்சை காத்திருக்காது.

அது ஒயின்தான் ஆக வேண்டும் என்றில்லை. சாறாகலாம், உலர்திராட்சை ஆகலாம், ஜாம் ஆகலாம். எது என்பதை அரசும் விவசாயிகளும் பேசி முடிவு செய்யட்டும். உடன்குடிக்குச் சுண்ணாம்புக் கலயமும் சிரட்டையும் கிடைத்த மாதிரி, கம்பத்துக்கும் ஏதோ ஒன்று கிடைத்தாக வேண்டும். அதுவரை, அடுத்த முறை பேருந்து நிலையத் தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை ரொம்ப மலிவாகக் கிடைத்தால், அந்த விலைக்கு அதை விளைவித்தவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வாங்குங்கள்.