குழாய்க்குள் அலையை அடக்கும் பாலிமர்

குழாயில் கொந்தளித்து ஓடும் திரவத்தில் பத்து லட்சத்துக்குச் சில பங்கு (பிபிஎம்) பாலிமர் கலந்தாலே உராய்வு பெருமளவு குறைகிறது. 1940களில் டாம்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்த இந்த விளைவு, அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் 1979இல் பயன்பாட்டுக்கு வந்தது. பாலிமர் திரவத்தை வழுக்கலாக்குவதில்லை. சீராக ஓடும் திரவத்தில் அதனால் பயனும் இல்லை. சுவரருகே எழும் சுழல்களில் அதன் நீண்ட மூலக்கூறுகள் சுருள்வில்போல் இழுபட்டு, சுழல்கள் வலுப்பெறாமல் தடுக்கின்றன.

வாயுவும் திரவமும் சேர்ந்தோடும் குழாயில் இது எப்படி உதவும், பாலிமர் வாயுவில் கரையாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே தடையைப் பெருக்குவது, சுவரை ஒட்டிய திரவப் படலத்தில் எழும் அலைகள். அவை வாயுவின் பாதையைக் கரடுமுரடாக்கி, துளிகளையும் அதற்குள் வீசுகின்றன. அல்-சர்கியும் ஹான்ராட்டியும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 9.53 செ.மீ. விட்டமுள்ள கிடைமட்டக் குழாயில் காற்றையும் நீரையும் ஓடவிட்டார்கள். வெறும் 10–15 பிபிஎம் பாலிமர் அந்த அலைகளை அழித்தது. சுற்றிலும் படர்ந்திருந்த நீர் அடியில் தனி அடுக்காகப் படிந்தது. தடை 48 விழுக்காடு குறைந்தது. பம்பில் மூலக்கூறுகள் அறுந்துபோகுமே என்பது அடுத்த ஐயம். உண்மைதான், அறுந்தவை மீண்டும் ஒட்டுவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு பம்பையும் தாண்டிய பிறகே பாலிமரைச் செலுத்துகிறார்கள். வாயுவைத் தொடாமலே அதன் வழியைச் சீராக்கும் இந்த முறை, ஆற்றலைச் சேமிக்க நம்பத்தக்க வழி.