கங்கு உமிழும் டிராகன்

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற மலையூரில் காட்டுத்தீ புகுந்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பிறகு எடுத்த படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. வீடு இருந்த இடத்தில் வெறும் சாம்பல். பக்கத்திலேயே பைன் மரம் பச்சை மாறாமல் நிற்கிறது.

மரத்தைத் தொடாத தீ வீட்டை மட்டும் எப்படி எரித்தது? குடிசைத் தெருவில் தீயைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். எங்கோ ஒரு கூரை பற்றியதும், நாலு வீடு தள்ளியிருப்பவரும் தன் கூரைமேல் ஏறித் தண்ணீர் ஊற்றுவார். அவர் பயப்படுவது காற்றில் பறந்து வரும் கங்குக்கு.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1990-களின் இறுதியில், கனடாவின் வடக்கே காட்டையே கொளுத்திச் சோதித்தபோது, எதிரே மரச்சுவர்களை நிறுத்தினார்கள். 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றின. 20 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. மர உச்சியில் ஓடும் தீ ஓரிடத்தில் மூர்க்கமாக எரிவது ஒன்றிரண்டு நிமிடமே. அதற்குள் அந்தத் தொலைவிலுள்ள சுவர் பற்றும் அளவுக்குச் சூடேறுவதில்லை. ஆனால் கங்கு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் வந்து விழும்.

கங்கு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்க ஒரு கருவியையே செய்தார்கள். அமெரிக்கத் தரநிர்ணய ஆய்வு நிறுவனமான நிஸ்ட்டில் சாமுவேல் மான்செல்லோ குழுவினர் உருவாக்கிய அதன் பெயர் 'டிராகன்'. இரும்புக் கூட்டுக்குள் மரத்துண்டுகளை எரியவிட்டு, கீழிருந்து விசிறியால் ஊதினால், குழாயின் வாய் வழியே கங்குமழை பொழியும். ஜப்பானில் பெரிய காற்றுச்சுரங்கம் ஒன்றில் இதை நிறுத்தி, கூரைப் பரணுக்குக் காற்றுவிடும் துவாரங்களைச் சோதித்தார்கள்.

வலை போட்டால் கங்கு நின்றுவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நிற்கவில்லை. வலையில் வந்து ஒட்டிய கங்கு அங்கேயே கனன்றது. எரிய எரியச் சிறுத்தது. கண்ணியின் அளவுக்குத் தேய்ந்ததும் நழுவி உள்ளே விழுந்தது. உள்ளே வைத்திருந்த காகிதத் துணுக்குகள் புகைந்தன. கண்ணி சிறிதாகச் சிறிதாக ஆபத்து குறைந்தது. காட்டோரப் பகுதிகளில் புது வீடு கட்டினால் துவார வலையின் கண்ணி சுமார் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது கலிபோர்னியாவின் கட்டட விதி.

வலை ஒன்று போதாது. காற்று தூசியையும் சருகையும் எங்கே ஒதுக்குகிறதோ, அங்கேதான் கங்குகளையும் ஒதுக்கும்: மழைநீர்ப் பீலி, மரத்தளத்தின் இடுக்கு, சுவரும் தரையும் சேரும் மூலை. எனவே சுவரைச் சுற்றி முதல் ஐந்தடியில் பற்றக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. அங்கே சரளைக்கல் பரப்பலாம். விறகு அடுக்கை அப்புறப்படுத்த வேண்டும். செடிக்கு மூடாக்காகப் போட்ட மரச்சீவலை வாரிவிட வேண்டும். பலரும் மறந்துபோவது மரவேலியை. சுவரைத் தொட்டு நிற்கும் வேலி, தெருமுனைத் தீயை வீட்டுக்கு அழைத்துவரும் திரி. ஒரு வீடு பற்றினால் மணிக்கணக்கில் எரிந்து அடுத்த வீட்டையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், பக்கத்து வீட்டுப் பீலியும் நம் கவலைதான்.

பாரடைஸில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். மலையிறங்கும் சாலைகள் வண்டிகளால் அடைபட்டுப் போயின. இந்த வேலைகளையெல்லாம் கோடைக்கு முன்பே முடித்திருந்தால், வீட்டைக் காக்கத் தண்ணீர்க் குழாயோடு யாரும் பின்தங்க வேண்டியதில்லை. புகை தெரிந்ததும் ஜன்னல்களை அடைத்துவிட்டு, தாத்தா பாட்டியை முதலில் வண்டியில் ஏற்றலாம்.