அனுப்பாத மெயில் ஏன் திரும்பி வருகிறது?

2003 ஆகஸ்டில் சோபிக்-எஃப் என்ற வைரஸ் உலகமெங்கும் விண்டோஸ் கணினிகளைத் தொற்றியது. கணினிக்குள் கண்ணில்பட்ட மின்னஞ்சல் முகவரிகளைப் பொறுக்கி, ஒன்றை அனுப்புநராகவும் இன்னொன்றைப் பெறுநராகவும் போட்டுத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அதைப் பிடித்த வடிகட்டிகள் பல, “உங்கள் மெயிலில் வைரஸ் இருந்தது” என்று அந்தப் பொய் அனுப்புநருக்கே எழுதின. சம்பந்தமே இல்லாதவர்களின் பெட்டிகள் எச்சரிக்கைகளால் நிரம்பின. பாதுகாக்க வைத்த கருவியே தொல்லையைப் பெருக்கியது.

இப்படிப் பொய் முகவரிக்குப் போய்ச் சேரும் ‘பவுன்ஸ்’ மெயில்களை பேக்ஸ்கேட்டர் என்கிறார்கள். மின்னஞ்சல் அனுப்புவதற்கென 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறையில் அனுப்புநர் முகவரி மெய்தானா என்று பார்க்க வழியில்லை. ஆனால் அதில் அருமையான ஓர் உறுதி உண்டு. ‘250’ என்று சொல்லி ஒரு சர்வர் மெயிலை ஏற்றுக்கொண்டால், அதன்பின் பொறுப்பு அதனுடையது. உரியவரிடம் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவல்தான் பவுன்ஸ். பவுன்ஸுக்குப் பவுன்ஸ் என்று முடிவில்லாமல் சுற்றாதிருக்க, அதன் அனுப்புநர் இடத்தைக் காலியாக விடுவார்கள்.

ஆகவே சோதனையெல்லாம் அந்த 250-க்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பெறுநரின் பெயரைச் சொன்னதுமே, அப்படி யாரும் இங்கில்லை என்றால் ‘550’ என்று வாசலிலேயே மறுத்துவிடலாம். ஸ்பேமா என்று பார்க்க உள்ளடக்கம் வேண்டும்தான். அதற்கும் அவகாசம் இருக்கிறது. மெயில் முழுவதையும் கொடுத்த பிறகு, பதிலுக்காகப் 10 நிமிடம் வரை காத்திருக்கும்படி அனுப்பும் சர்வருக்கு நெறிமுறை சொல்கிறது. வடிகட்டிக்குச் சில விநாடிகள் போதும்.

வாசலில் மறுத்தால் பொறுப்பு கைமாறுவதில்லை. எதிரே இருப்பது ஒழுங்கான சர்வர் என்றால், அது தன் பயனருக்குச் சேதியைச் சொல்லிவிடும். வைரஸ் பிடித்த கணினி என்றால், பெரும்பாலும் அடுத்த முகவரிக்குத் தாவிவிடும்; மூன்றாம் மனிதருக்கு எதுவும் போகாது. வடிகட்டி தவறி நல்ல மெயிலை மறுத்தாலும் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும் என்பதே எனக்கு இதில் மிகப் பிடித்த அம்சம்.

ஏற்றுக்கொண்ட பிறகு சந்தேகம் வந்தால்? பவுன்ஸ் அனுப்பாமல் ஸ்பேம் பெட்டியில் போடுங்கள். ஓசையின்றி அழிப்பதற்கு, மோசடி என்பதில் மிக உறுதியான நம்பிக்கை வேண்டும் என்கிறது அதே நெறிமுறையின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பான ஆர்எஃப்சி 5321. சரியான கண்டிப்பு அது. வேலைக்கான விண்ணப்பம் ஒன்று அனுப்பியவருக்கும் தெரியாமல், பெறுபவருக்கும் தெரியாமல் மறைவது நூறு ஸ்பேம் உள்ளே வருவதைவிடக் கொடுமை.

இவ்வளவும் செய்த நிறுவனங்கள்கூடக் கோட்டைவிடும் இடம் மாற்று சர்வர். முதன்மை சர்வர் படுத்துவிட்டால் மெயில் வாங்க வைத்திருப்பது அது. அதனிடம் பெரும்பாலும் பயனர் பட்டியல் இருக்காது, வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பிறகு முதன்மை சர்வர் மறுக்கும்போது, பொய் முகவரிக்கு பவுன்ஸ் அனுப்புவதைத் தவிர அதற்கு வழியில்லை. இது தெரிந்தே ஸ்பேம் அனுப்புவோர் மாற்று சர்வரைத் தேடிப்போகிறார்கள். பயனர் பட்டியலையும் வடிகட்டியையும் அதற்கும் கொடுங்கள். முடியாத சிறு நிறுவனங்கள் அதை எடுத்தே விடலாம்: சேராத மெயிலைக் குறைந்தது 4, 5 நாட்களாவது மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது அனுப்பும் சர்வர்களுக்கான விதி. ஓர் இரவு மின்சாரம் போனாலும் மெயில் தொலையாது.