டொமைன் யார் பேரில் இருக்கிறது?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட்டும் மெயிலும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். டொமைன் காலாவதியாகிப் போனதும் எனக்கு வரும் போனில் டொமைன் என்ற பேச்சே இருக்காது. "ஏனுங்க தம்பி, ரெண்டு நாளா ஒரு மெயிலும் வர்றதில்லீங்க, பையர் வாட்ஸ்அப்ல கத்தறாங்க" என்றுதான் ஆரம்பிக்கும். அதற்குள் ஹோஸ்டிங்காரரோடு ஒரு சண்டை முடிந்திருக்கும். நான் முதலில் பார்ப்பது காலாவதித் தேதியைத்தான்.

டொமைனை யாரும் நிரந்தரமாக வாங்கிவிட முடியாது. அது குத்தகை நிலம் மாதிரி. ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குப் பணம் கட்டலாம், பிறகு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத் தேதி தாண்டிய மறுநாளே எல்லாம் போய்விடாது. பதற்றத்தில் கண்டவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கு ஐகேன் என்ற உலக அமைப்பு விதி வகுக்கிறது. காலாவதியான பெயர்களை மீட்பதற்கென்று அது கொண்டுவந்த கொள்கை 2013 ஆகஸ்ட் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாம் பணம் கட்டும் கம்பெனியான ரெஜிஸ்ட்ரார், தேதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒருமுறையும் ஒரு வாரம் முன்பு ஒருமுறையும் நமக்கு நினைவூட்ட வேண்டும். தேதி முடிந்த 5 நாளுக்குள் மூன்றாவது முறையும் சொல்ல வேண்டும். அதன் பிறகும் நாம் கட்டவில்லை என்றால், பெயரை அழிப்பதற்கு முன், நமக்குப் புதுப்பிக்க வாய்ப்புள்ள கடைசி 8 நாளாவது சைட்டையும் மெயிலையும் நிறுத்தி வைக்க வேண்டும். கொடுமையாகத் தோன்றினாலும் எனக்குப் பிடித்த விதி இது. நினைவூட்டலைப் படிக்காதவருக்கும் மெயில் நின்றால் உறைக்கும். பெயர் அவர் கையை விட்டுப் போவதற்குள் அவர் விழித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

தேதி முடிந்ததும், டாட் காம் பேரேட்டை வைத்திருக்கும் வெரிசைன் அந்தப் பெயரைத் தானாகவே ஓராண்டுக்குப் புதுப்பித்துவிடும். வேண்டாம் என்றால் 45 நாளுக்குள் அழித்து, கட்டிய பணத்தை ரெஜிஸ்ட்ரார் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் நாம் போய்க் கேட்டால் வழக்கமான கட்டணத்திலோ கொஞ்சம் கூடுதலாகவோ புதுப்பித்துக் கொடுப்பார்கள். இந்த 45 நாள் நமக்கான உரிமை என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அந்த அவகாசம் ரெஜிஸ்ட்ராருடையது. அவர் முன்னதாகவே அழிக்கலாம். நல்ல பெயர் என்றால் அழிக்கவே மாட்டார், ஏலத்தில் விட்டு, எடுத்தவர் பேருக்கு மாற்றிவிடுவார். அப்படி மாறிப்போன பெயருக்கு அடுத்த கட்டமான மீட்பு அவகாசம் வருவதே இல்லை.

அழித்த பெயருக்கு அந்த அவகாசம் 30 நாள். ரிடெம்ப்ஷன் பீரியட் என்பார்கள். தவறுதலாக விட்டுவிட்ட பெயர்களைக் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்து பிடுங்குகிறவர்கள் பெருகியதால், 2003 வாக்கில் டாட் காமுக்கு இது வந்தது. இந்த 30 நாளில் சைட் வேலை செய்யாது, வேறு யாரும் பெயரை எடுக்கவும் முடியாது. பழைய உரிமையாளர் அதே ரெஜிஸ்ட்ரார் வழியாக மீட்கலாம். கட்டணம் ஆண்டுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு, பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதுவும் கடந்தால் 5 நாள் யாராலும் தொட முடியாத நிலை. பிறகு பெயர் பொதுவுக்கு வரும். அதற்கென்றே காத்திருக்கும் கம்பெனிகளின் மெஷின்கள் நல்ல பெயர்களை நொடிகளில் அள்ளிவிடும்.

இத்தனை அவகாசம் இருந்தும் பெயர்கள் ஏன் போகின்றன? என் அனுபவத்தில், மறதியால் போனவற்றைவிட பதிவில் வேறு ஒருவர் பேர் இருந்ததால் போனவைதான் அதிகம். எனக்குத் தெரிந்த பின்னலாடைக் கம்பெனி ஒன்றின் டொமைன், ரிடெம்ப்ஷனில் விழுந்த பிறகு என்னிடம் வந்தது. பதிவு செய்தவர், சைட்டை முதலில் போட்டுக் கொடுத்த டிசைனர். அவர் கல்ஃபுக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. பதிவில் கொடுத்திருந்த மெயில் முகவரியும் அதே டொமைனில்தான் இருந்தது, அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. டொமைன் நின்றதும் அந்தப் பெட்டியும் நின்றது. நினைவூட்டல் எங்கே போய்ச் சேரும்? ஜிஎஸ்டி சான்றிதழ், லெட்டர்ஹெட், டொமைன் அச்சடித்த பழைய இன்வாய்ஸ் எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்பினோம். கணக்கு வைத்திருப்பவர் கேட்டால்தான் மீட்போம் என்று ஒரே பதில். ஊரெல்லாம் அறிந்த கம்பெனிப் பெயர், முதலாளி அதற்கு அந்நியராக நின்றார். கடைசியில் டிசைனரின் அப்பாவைப் பல்லடத்தில் தேடிப் பிடித்து நம்பர் வாங்கினோம். ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்த அந்தத் தம்பி, "அண்ணா, ஓடிபி வருதுங்க, சொல்றேன் போட்டுக்கங்க" என்றார். பணத்தைக் கட்டி மீட்டோம். இடையில் பையர்கள் அனுப்பிய மெயில்கள் திரும்பிப் போனவை போனவைதான், ஆர்டரை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காமுக்குப் பணம் கட்ட மறந்து, ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியாமல் போனது. மைக்கேல் சேனி என்ற அமெரிக்க புரோகிராமர் தன் பணம் 35 டாலரைக் கட்டிச் சரிசெய்தார். பெயர் மைக்ரோசாஃப்டிடமே இருந்தது. அவருக்கு 500 டாலருக்கு ஒரு செக் அனுப்பினார்கள். பணம் யார் கட்டினாலும் உரிமை, பதிவில் இருப்பவருக்குத்தான். அன்று மைக்ரோசாஃப்டைக் காப்பாற்றியது அந்த விதி. மேலே சொன்ன முதலாளியை வாசலிலேயே நிறுத்தியதும் அதே விதிதான்.

சொரென்சன் கதை இன்னும் கனமானது. காது கேளாதவர்கள் வீடியோவில் சைகை மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போன் பேச உதவும் அமெரிக்க நிறுவனம் அது. 2016 ஜூனில் ஒரு டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டதால் சேவை முடங்கி, காது கேளாதவர்களால் அதன் வழியே அவசர எண் 911-ஐக்கூட அழைக்க முடியாமல் போனது. மறுவருடம் அரசுத் தொலைத்தொடர்பு ஆணையத்தோடு சமரசம் செய்ய அந்த நிறுவனம் கொடுத்தது ஏறத்தாழ 30 லட்சம் டாலர்.

விட்டுப்போன பெயர் அந்நியர் கைக்குப் போனால் பழைய தொடர்புகளும் கூடவே போகும். டாட் மோபி என்று முடியும் பெயர்களின் பதிவுகளைத் தேடும் பழைய சர்வரின் டொமைன் 2023 டிசம்பரில் காலாவதியானது. வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் 20 டாலருக்கு அதை எடுத்தார்கள். சில நாட்களிலேயே 1,35,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள், பழைய இடம் என்று நம்பி அவர்களிடம் கேள்வி கேட்டன. ஒரு பனியன் கம்பெனியின் டொமைன் போனால், அடுத்து எடுப்பவர் அதே முகவரியில் மெயில் பெட்டி திறந்து, பையர் அனுப்பும் ஆர்டரைத் தானே வாங்கலாம், வேறு பேங்க் கணக்கையும் கொடுக்கலாம். டிரேட்மார்க் இருந்தால் வழக்காடி மீட்க வழி உண்டு, செலவும் காலமும் பிடிக்கும்.

டாட் இன், டாட் யூகே போன்ற நாட்டுப் பெயர்களை மேலே சொன்ன ஐகேன் கொள்கை கட்டுப்படுத்தாது. டாட் இன்னுக்கு நிக்ஸி விதி வகுக்கிறது. அவகாசத்தை அந்தந்த ரெஜிஸ்ட்ராரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவில் யார் பேர் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பது இப்போது கடினம். 2018-இல் ஐரோப்பிய தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு பொதுத் தேடலில் பெயரும் மெயிலும் பெரும்பாலும் மறைக்கப்பட்டே தெரிகின்றன. அதனால் புதிதாக ஒரு கம்பெனிக்குப் போனால் முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரெஜிஸ்ட்ரார் கணக்கை அவர் கண்ணெதிரே திறக்கிறேன். உரிமையாளர் இடத்தில் கம்பெனியின் பெயரை இடுகிறோம். மெயிலுக்கு அந்த டொமைனைச் சாராத ஜிமெயில் ஒன்று, போனுக்கு அவருடைய சொந்த நம்பர். உரிமையாளர் பெயரை மாற்றினால் வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போக முடியாதபடி 60 நாள் பூட்டு விழுவது பல இடங்களில் வழக்கம். அதனால் இதைக் காலாவதித் தேதிக்கு மூன்று மாதம் முன்பாவது முடித்துவிடுகிறோம்.