நடுத்தட்டு இட்லியும் கப்பலின் பால்கனி அறையும்

கேரளத்தின் பொன்முடி மலைக்குப் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும். கல்லாறு தாண்டியதும் வரிசையாக 22 கொண்டை ஊசி வளைவுகள். பின்சக்கரத்துக்கும் பின்னால் உட்கார்ந்தவர் பாதி வழியிலேயே எலுமிச்சம்பழத்தைத் தேடுவார். சக்கரங்களுக்கு நடுவே சன்னலோரம் இடம் பிடித்தவர் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே உச்சிக்குப் போய்விடுவார். வண்டி ஒன்று, சாலை ஒன்று, ஓட்டுநரும் ஒருவரே. உட்கார்ந்த இடம் மட்டும்தான் வேறு.

கப்பலில் பால்கனி அறை எடுக்கும்போது பலரும் இந்த இடக்கணக்கைப் பார்ப்பதில்லை. ஓட்டலில் அறை எடுப்பதுபோல, உயரே போகப் போக நல்லது என்று நினைத்துக் கூடுதல் பணம் கட்டிவிடுகிறார்கள். ஓட்டல் அசையாது. கப்பல் அசையும். அதனால் எத்தனையாவது தளம் என்பதற்கு முன், கப்பலின் நீளத்தில் அறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஏன் என்று தெரிய இட்லிக் குண்டானைத் திறந்தால் போதும். நடுக்கம்பியில் கோத்த தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அடித்தட்டில் கொதிநீர் தெறித்து இட்லியின் அடி நசநசத்துப் போகிறது. மேல்தட்டில் மூடியில் கோத்த ஆவிநீர் சொட்டுகிறது. இரண்டு தொல்லையும் இல்லாமல் வேகிறது நடுத்தட்டு. அந்தத் தட்டுகளை அப்படியே வெளியே தூக்கும்போது கை கொஞ்சம் சாய்ந்தால் என்ன ஆகிறது? கம்பியை ஒட்டிய இடம் அசைந்ததே தெரியாது. விளிம்புக் குழிகள் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். மேல்தட்டு கீழ்த்தட்டைவிட அதிகமாக வீசும்.

கப்பலில் தளங்கள் தட்டுகள், அறைகள் குழிகள். இட்லித்தட்டு வட்டம், கப்பலின் தட்டோ நீளம். ஆகவே விளிம்பு என்று முக்கியமாகச் சொல்ல வேண்டியது முன்முனையையும் பின்முனையையும்தான். நம் துறைமுகங்களில் இருந்து கோர்டேலியா நிறுவனம் ஓட்டிவரும் எம்ப்ரஸ் கப்பலின் நீளம் சுமார் 211 மீட்டர். நடுவிலிருந்து முனை வரை நூறு மீட்டருக்கு மேல். அலை ஏறும்போது முன்பக்கம் ஒரே ஒரு பாகை நிமிர்ந்தால் போதும், முனையில் இருக்கும் அறை ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரும், பிறகு இறங்கும். ஓர் ஆள் உயரம் அது. நடுவில் இருக்கும் அறைக்கு இந்தச் சாய்வால் வரும் ஏற்ற இறக்கம் மிகச் சிறியது.

பக்கவாட்டு ஆட்டம் வேறு வகை. கப்பல் ஏறக்குறைய நீர்மட்டத்தை ஒட்டிய ஓர் அச்சில் இடமும் வலமும் சாய்கிறது. மூன்று பாகை சாய்ந்தால், அந்த அச்சுக்கு 25 மீட்டர் மேலே இருப்பவர் சுமார் 1.3 மீட்டர் நகர்வார். 10 மீட்டர் மேலே இருப்பவர் அரை மீட்டர்தான். மேல்தட்டு வீசுகிறது என்றேனே, அது இதுதான்.

இந்த இரண்டில் எது அதிகம் படுத்தும்? முன்பின் ஆட்டம்தான் என்பேன். பயணக் குமட்டலைப் பற்றிய ஆய்வுகளின்படி, சுமார் ஐந்து விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழுமாக வரும் அசைவுதான் மனித உடம்பை அதிகம் கலக்குகிறது. பெரிய கப்பலின் பக்கவாட்டுச் சாய்வு அதைவிட மெதுவானது. அதைக் குறைக்கக் கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகளும் உண்டு. ஆனால் முன்பின் ஆட்டத்தை அந்தத் துடுப்புகளால் அடக்க முடியாது. அதனால் முதலில் நீளத்தில் நடுவைப் பிடியுங்கள், உயரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பொன்முடிப் பேருந்தின் கடைசி இருக்கையில் உங்கள் வயிறு தாக்குப்பிடித்தது என்றால் உங்களுக்குச் சற்றுச் சலுகை உண்டு. தலை சுற்றியது என்றால் இந்த விதியை மீறாதீர்கள்.

பால்கனிக்கு இங்கே ஒரு தனிப் பயன் இருக்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. அறையின் சுவரைப் பார்க்கும் கண் ‘இல்லையே’ என்கிறது. இந்தப் பிணக்கில்தான் குமட்டல் பிறக்கிறது. வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். ஆனால் இரவில் தொடுவானம் தெரியாது. அப்போது உதவுவது அறை இருக்கும் இடம் மட்டும்தான்.

அடுத்தது சத்தம். அடித்தட்டின் கொதிநீர், கப்பலில் இயந்திரமும் சுழல்விசிறியும். பின்முனையின் கீழ்த்தளங்களில் அந்த அதிர்வு கட்டில் வரை வரும். முன்முனையின் கீழ்த்தளங்களில், துறைமுகத்தை நெருங்கும் அதிகாலையில், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் உறுமித் தூக்கத்தைக் கலைக்கும். மூடியிலிருந்து சொட்டும் நீர் என்பது நீச்சல்குளத் தளம். அதற்கு நேர் கீழே அறை எடுத்தால் விடியும் முன்பே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். சமையற்கூடம், நடன அரங்கு இவற்றுக்கு மேலோ கீழோ இருக்கும் அறைகளுக்கும் இதே கதிதான். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் அறைகளே உள்ள தளம்தான் நல்ல தளம். அடுத்த அறைக்காரரும் தூங்கத்தானே வந்திருக்கிறார்!

காட்சி என்று வந்தால் இரண்டு விஷயம். நடுப்பகுதியின் கீழ்த்தளப் பால்கனிகள் சிலவற்றின் எதிரே உயிர்காப்புப் படகுகள் தொங்கும். கடலுக்குப் பதில் படகின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அந்தப் படகு வரிசைக்கு ஓரிரு தளம் மேலே எடுங்கள். இரண்டாவது, இடமா வலமா என்பது. மும்பையிலிருந்து கொச்சிக்கு இறங்கும்போது வலப்பக்கம் இருப்பவருக்குக் கடலில் சூரியன் மறைவது கிடைக்கும். சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போகும்போதும் வலப்பக்கம்தான் திறந்த கடல்; ஆனால் அங்கே கிடைப்பது விடியல். கொச்சியை விட்டு வெளியேறுகையில் ஃபோர்ட் கொச்சியின் சீனவலைகள் இடப்பக்கம் வரும். அப்படியே லட்சத்தீவை நோக்கி மேற்கே போனால், மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் இடப்பக்கப் பால்கனியில் நண்பகல் வெயில் காயும். திரும்பும்போது எல்லாமே தலைகீழ்.

பின்முனைப் பால்கனிகளுக்குத் தனி ரசிகர்கள் உண்டு. கப்பல் விட்டுச்செல்லும் வெண்ணுரைப் பாதையை மணிக்கணக்கில் பார்க்கலாம், காற்றுக்கு மறைவாகவும் இருக்கும். குமட்டல் பயம் இல்லாதவர்களுக்கு நான் அதைத் தயங்காமல் சொல்வேன். முன்முனைப் பால்கனியைச் சொல்ல மாட்டேன். அங்கே காற்று பல நேரம் கதவைத் திறக்கவே விடாது.

பால்கனியில் புகைபிடிக்கத் தடை உள்ள கப்பல்களில் அதைக் கெடுபிடி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் பிடித்த தீ பல அறைகளுக்குப் பரவியது, ஒருவர் இறந்தார். அணைக்காமல் எறிந்த சிகரெட்டே காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. பால்கனியில் எளிதில் தீப்பிடிக்காத நாற்காலிகளும் தடுப்புகளும் வேண்டும் என்ற சர்வதேச விதிகள் அதன்பிறகு வந்தவை.

மழைக்காலக் கணக்கும் முக்கியம். தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும். எம்ப்ரஸ் 2022 ஜூனில் சென்னைக்கு வந்து வங்கக்கடலில் ஓடத் தொடங்கியதும் அந்தப் பருவத்தில்தான். மேற்குக் கடலில் போக டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அப்போது முனையில் அறை கிடைத்தாலும் பெரிதாகப் படுத்தாது.

எம்ப்ரஸ் 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டது. பால்கனி எல்லா அறைக்கும் வந்திராத காலம். அதனால் அதில் பால்கனி அறைகள் குறைவு. பெரும்பாலானவை சன்னல் அறைகளும் உள்ளறைகளும்தான். நல்ல இடத்துப் பால்கனிகள் முதலில் போய்விடும். சில கப்பல் நிறுவனங்கள், அறை எண்ணைத் தாங்களே பிறகு ஒதுக்குவதாகச் சொல்லிக் கட்டணத்தைக் குறைப்பதும் உண்டு; வயிற்றைப் பற்றிக் கவலை உள்ளவர்கள் அதை எடுக்க வேண்டாம். பணம் கட்டும் முன் கப்பலின் தள வரைபடத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் அறைக்கு மேல்தளத்தில் என்ன இருக்கிறது, கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதியில் பால்கனி கிடைக்கவே இல்லை என்றால், முன்முனைப் பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவாகக் கொடுத்து, நடுவில் ஒரு சன்னல் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடுவானம் பார்க்க மேல்தளத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.