மனித உரிமையும் இடதுசாரிக் கொள்கையும் ஒண்ணா? எங்கே சேருது, எங்கே மோதுது?

மனித உரிமைன்னு யாராவது பேசினாலே 'இவர் இடதுசாரி' என்று முத்திரை குத்துவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வரலாறு சொல்றது வேற.

1948-ல் நடந்தது என்ன?

1948 டிசம்பர் 10-ம் தேதி, மனித உரிமைகளுக்கான உலகளாவிய பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை பாரிஸில் ஏற்றுக்கொண்டது. ஆதரவாக 48 ஓட்டு. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. ஆனால் 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதில் 6 நாடுகள் சோவியத் யூனியன் உள்ளிட்ட கம்யூனிஸ்ட் நாடுகள்! மற்ற இரண்டு, சவுதி அரேபியாவும் தென்னாப்பிரிக்காவும்.

எங்கே ஒத்துப்போகுது?

வேலை, நியாயமான கூலி, தொழிற்சங்கம், ஓய்வு, கல்வி, சமூகப் பாதுகாப்பு. இடதுசாரிகள் காலங்காலமாகக் கேட்பது இதைத்தான். பிரகடனத்தின் 22 முதல் 26 வரையிலான பிரிவுகளும் இதைத்தான் சொல்லுது.

அப்போ எங்கே மோதுது?

மனித உரிமைக்கு மையம் தனிமனிதர். ஆட்சியில் யார் இருந்தாலும் அவரைத் தொட முடியாத எல்லை ஒன்று உண்டு. இடதுசாரி சிந்தனைக்கு மையம் வர்க்கமும் சமத்துவமும். அதனால் சொத்துரிமையில் முட்டுது. பிரகடனத்தின் 17-வது பிரிவு சொத்துரிமையை ஏற்கிறது. 1966-ல் வந்த இரண்டு ஐ.நா. உடன்படிக்கைகளிலும் அது இடம்பெறவில்லை.

ஏன் இரண்டு உடன்படிக்கை?

பனிப்போர்தான் முக்கியக் காரணம். பேச்சுரிமை, ஓட்டுரிமை ஒன்றில். உணவு, வேலை, மருத்துவம் இன்னொன்றில். முதலாவதில் சீனா 1998-ல் கையெழுத்து போட்டும் இன்னும் உறுதிசெய்யவில்லை. இரண்டாவதில் அமெரிக்கா 1977-ல் கையெழுத்து போட்டதோட சரி. இந்தியா 1979-ல் இரண்டிலும் சேர்ந்தது.

முதல்ல சோறு, அப்புறம் சுதந்திரமா?

அப்படிப் பிரிக்க முடியாது என்கிறார் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் இருக்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்பது அவர் வாதம். 1958-61-ல் சீனாவில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் இறந்தபோது, அதை வெளியே சொல்ல அங்கே பத்திரிகை இல்லை.

1993 வியன்னா மாநாடும் எல்லா உரிமைகளும் பிரிக்க முடியாதவை என்றே அறிவித்தது.

சுருக்கமா சொன்னா, ரேஷன் அரிசி கிடைப்பது ஒரு உரிமை. கிடைக்கலைன்னா பயமில்லாம 'ஏன்?'னு கேட்பது இன்னொரு உரிமை. இரண்டாவது இல்லைன்னா, முதலாவது எப்போ வேணும்னாலும் பறிபோகலாம்.